வெள்ளிக்கிழமையில் விழுந்த திருநாள்

பதுளை புனித சவேரியார் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் ஆண்டுக்கு ஒரு தடவைதான் விருந்துக்குக் கூடும். டிசம்பர் மூன்று, சவேரியார் திருநாள் மாலை. நனைந்த குடைகள் விறாந்தையில் விரிந்து கிடக்கும். உள்ளே போர்டிங் சமையற்காரர் ஆக்கிய சோறும் கோழிக்கறியும். கடைசி மேசையில் மட்டும் கதலிப்பழமும் சோடாவும். அது முஸ்லிம்களின் மேசை. கோழியை அறுத்தது யாரென்று தெரியாததால் அவர்கள் அதைத் தொடமாட்டார்கள். 1949இல் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

பசாரில் இரும்புக்கடை வைத்திருந்த லத்தீப் ஐந்து வருடம் அந்த மேசையில் உட்கார்ந்தார். ஆறாவது வருடம், கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"இந்த வருசம் சாப்பாடு என்ட பொறுப்பு. ஆட்டு புரியாணி. ஆள் வெச்சு இங்கயே ஆக்குறேன். எல்லாரும் ஒரே சட்டியில தின்னணும்."

சங்கத் தலைவர் சிவசுப்பிரமணியம் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். யாழ்ப்பாணத்தார், லத்தீப்போடு வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர். "என்ன காணும், அஞ்சு வருசப் பசியோ?" என்று சிரித்தார். "ஆடெண்டால் சரி. மாட்டைக் கொண்டு வந்திடாதையும்."

வழமைபோல மூன்றாம் திகதி என்று முடிவாயிற்று. அன்று வெள்ளி என்பதைக் கவனித்தவர் லத்தீப் மட்டும்தான். அவருக்கு அது சந்தோஷம்; ஜும்ஆத் தொழுகைக்காகக் கடை எப்படியும் பூட்டியிருக்கும். மற்றவர்கள் திகதியைத்தான் பார்த்தார்கள். சங்கம் தொடங்கிய பிறகு திருநாள் வெள்ளியில் விழுவது அதுவே முதல் தடவை.

வீட்டில் றஷீனா சொன்னாள்: "அவங்க தின்ன மாட்டாங்க, பாருங்க. தட்டிக்கழிக்க ஏதாச்சும் ஒரு சாட்டு வரும்."

"என்னோட படிச்ச ஆக்கள்," என்றார் லத்தீப்.

அன்று மாலை நெய் மணம் மூடுபனியோடு சேர்ந்து பள்ளிக்கூட மேட்டிலிருந்து பஸ் நிலையம் வரை இறங்கியது. விளக்கெரியும் ஜன்னல்களோடு அந்த மண்டபம் மழைக்குள் நங்கூரமிட்ட கப்பல்போல் நின்றது. சட்டிகளைத் திறந்தார்கள். ஆசீர்வதிக்க எழுந்த கல்லூரி அதிபர் பாதரின் கை பாதியிலே நின்றது.

"ஜெயரட்ணம், இன்றைக்கு என்ன கிழமை?"

செயலாளர் ஜெயரட்ணம் மாஸ்டர் சுவர்க் கலண்டரைத் திரும்பிப் பார்த்தார். வெள்ளிக்கிழமையில் கத்தோலிக்கர் இறைச்சி தொடுவதில்லை. சைவர்களும் அன்று மரக்கறிதான்.

"காலமை கோயிலுக்குப் போய் வந்த எனக்கே உறைக்கேல்லையே!" என்று விபூதி நெற்றியில் கை வைத்தார் சிவசுப்பிரமணியம்.

"பாதர், திருநாள்தானே? விலக்குத் தர ஏலாதா?" என்று ஜெயரட்ணம் கெஞ்சினார்.

"உமக்குத் தரலாம். சிவசுப்பிரமணியத்துக்கு நான் எப்படித் தருவது?"

யாரோ சிரித்துவிட்டு, லத்தீப்பின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பள்ளியில் படித்தும் லத்தீப்புக்கு இது தெரியாது. வெள்ளி மத்தியானங்களில் அவர் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். போர்டிங் பையன்களின் தட்டில் அன்று மீன் மட்டுமே இருந்ததை அவர் கண்டதில்லை. இப்போது அவர் காதில் விழுந்தது றஷீனாவின் குரல்தான்: ஒரு சாட்டு வரும்.

"சரி. ஏழைகளுக்குக் குடுத்துர்றேன்," என்றார். "சங்கத்துல என்ட பேரையும் வெட்டிடுங்க மாஸ்டர்."

அப்போது மடுல்சீமை மலையிலிருந்து வந்திருந்த சவரிமுத்து எழுந்தான். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. வருடத்தில் இந்த ஒரு நாள்தான் அவன் டவுனுக்கு விருந்துக்கு வருவான்.

"லத்தீப் அண்ணே, சட்டிய மூடுங்க. மாவு வச்சு ஒட்டி, தணல்ல வைங்க. விடிஞ்சா சனிக்கிழமைதானே? நான் சாப்பிடாம மல ஏறமாட்டேன். பாதர் ஒரு கட்டில் குடுத்தா இங்கயே படுத்துக்கிறேன்."

"பழைய கட்டில்தான்," என்றார் பாதர். "மூட்டைப்பூச்சியும் பழையதுதான்."

"நாளைக்கு இந்த மழையில யாரு வருவா?" என்றார் லத்தீப். "சும்மா வாய்க்குச் சொல்றது."

சிவசுப்பிரமணியம் கடைசி மேசைக்குப் போனார். சமையற்காரர் பழக்கத்தில் அங்கே கதலிப்பழமும் சோடாவும் வைத்திருந்தார். லத்தீப் வழக்கமாக இருக்கும் கதிரையில் உட்கார்ந்து, ஒரு பழத்தை உரித்து, மெதுவாக மென்றார்.

"நீர் சாப்பிடும் காணும். நாங்கள் பாத்துக்கொண்டிருக்கிறம். அஞ்சு வருசமா நாங்கள் சாப்பிட, நீர் அப்பிடித்தானே இருந்தனீர்."

ஒவ்வொருவராகக் கதிரையை இழுத்துக்கொண்டு அந்த மேசைக்குப் போனார்கள். பழச்சீப்பு கை மாறியது. லத்தீப் சட்டியைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார்.

"நான் மட்டும் எப்படித் தின்ன?" என்று மூடியைத் தூக்கி மூடினார்.

மறுநாள் காலையிலும் மழை. தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு சவரிமுத்து தணலை ஊதிக்கொண்டிருந்தான். பூசை முடிந்து பாதரும் ஜெயரட்ணமும் கத்தோலிக்கப் பழைய மாணவர்களும் வந்தார்கள். பிறகு பசாரிலிருந்து சிலர். சட்டியைத் திறக்கச் சொன்னார்கள். லத்தீப் திறக்கவில்லை, வாசல் படலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் சிவசுப்பிரமணியம் மேட்டில் ஏறி வந்தார். வேட்டி முழங்கால் வரை சேறு.

"கச்சேரியிலை பெரியவர் லீவு தரமாட்டன் எண்டு நிண்டவர். வயித்திலை கோளாறு எண்டு சொல்லிப்போட்டு வாறன். எங்கை புரியாணி?"

லத்தீப் மூடியைத் திறந்தார்.

அதற்குப் பிறகு திருநாள் எந்தக் கிழமையில் வந்தாலும், சங்கத்து விருந்து அதையடுத்த சனிக்கிழமைக் காலையில்தான். கடைசி மேசையை வகுப்பறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அன்று பகல் லத்தீப் சட்டிகளோடு வீட்டுக்குப் போனார். றஷீனா ஒவ்வொரு மூடியாகத் தூக்கிப் பார்த்தாள். அடியில் எலும்பும் ஏலக்காயும் மட்டும்.

"அப்ப, சாட்டு ஒண்டும் வரல்லயா?"

"வந்திச்சி," என்றார் லத்தீப். "பொறகு ஆக்களும் வந்தாங்க."