வந்து சேராத துரை

கம்பெனியின் ஏஜெண்ட் மேஜர் ட்ரஸ்காட், விக்கிரம ஆண்டு 1894, அதாவது இங்கிலீஷ் கணக்கில் 1837, கார்த்திகை மாதம் வளர்பிறை ஐந்தாம் நாள், காலை ஒன்பது மணிக்கு ரத்தன்கேடா அரண்மனையின் தர்பார் மண்டப வாசலில் கம்பளத்தின் மீது வலது காலை வைத்தார். இன்றுவரை மறுமுனைக்கு வந்து சேரவில்லை. கம்பளத்தின் நீளம் அறுபது முழம், அகலம் எட்டு முழம். கல்கத்தாவிலிருந்து வந்த சர்வேயர்கள் இரண்டு பேர் தனித்தனியே அளந்து, ஒரே கணக்கைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு மேஜர் நான்காம் தூணுக்கும் ஐந்தாம் தூணுக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பது தெரியும். அவருடைய காலுக்கடியில் கம்பளத்துச் சிவப்புப் பூக்கள் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். தூங்கும்போதும் நடப்பார். எதிரே ராஜ சிம்மாசனம் முதல் நாள் எவ்வளவு தொலைவில் இருந்ததோ அவ்வளவு தொலைவிலேயே இருக்கிறது.

ரத்தன்கேடாக்காரர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. வீட்டுக்காரர் வாயால் ‘பதாரோ’ என்று ஒரு வார்த்தை, அதாவது ‘வாருங்கள்’ என்று, சொன்னால்தான் அந்த ஊரில் வந்தவர் வந்து சேருவார். சொல்லாதவரை வழியிலேயே இருப்பார். ஒட்டக வியாபாரி ஒருவன் மாமியாரோடு மனஸ்தாபம் வந்து, மாமனார் வீட்டு முற்றத்தில் மூன்று நாள் நடந்தான். நான்காம் நாள் மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டு ‘பதாரோ’ என்றாள். அடுத்த எட்டில் அவன் படியில் தடுக்கி விழுந்தான். ஜோத்பூரிலிருந்து பெண் பார்க்க வந்த கூட்டம் ஒன்று ஒரு வாரம் நடந்து, அலுத்துப்போய், வேறு ஊரில் பெண் எடுத்தது. இதையெல்லாம் யாராவது ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் அவர் சிரித்திருப்பார்.

ஓராண்டுக்கு முன் அதே மண்டபத்தில் நடந்ததைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ராவல் பைரிசால் அப்போது ரத்தன்கேடாவின் அரசர். அறுபத்தெட்டு வயது, பிள்ளையில்லை, ஒரு காலில் பழைய வாள்வெட்டு. தம்பி மகன் ஷியோநாத்தைச் சுவீகாரம் எடுத்திருந்தார். அதைக் கம்பெனி ஒப்புக்கொண்டு பத்திரம் தரவேண்டும். ஏஜெண்ட் வந்தால் அரசர் சிம்மாசனத்திலிருந்து ஏழு எட்டு எடுத்து வைத்து முன்னால் வந்து வரவேற்பது பரம்பரை வழக்கம். புதிதாக வந்த ட்ரஸ்காட், ஏழு எட்டு போதாது, வாசல்வரை வரவேண்டும் என்றார். பத்தொன்பது விதிகள் எழுதிக் கையோடு கொண்டுவந்தார். தர்பார் நடக்கும்போது அரசரையும் ஏஜெண்டையும் தவிர யாரும் கம்பளத்தில் கால் வைக்கக் கூடாது என்பது மூன்றாம் விதி. கம்பளத்தை விட்டுப் பக்கவாட்டில் இறங்குகிறவர் தோற்றவர், அவர் தரப்புக் கோரிக்கை அதோடு செல்லாது என்பது நான்காம் விதி. பத்திரம் வேண்டுமே என்று பைரிசால் சம்மதித்தார்.

தசராவன்று கிழவர் காலை இழுத்து இழுத்து நடந்தார். வாசலுக்கு நான்கு எட்டு இருக்கும்போது, வரவேற்க வாயைத் திறந்தவர் அப்படியே குப்புற விழுந்தார். ஷியோநாத் ஓடப் போனான். திவான் அவனுடைய அங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டார், மூன்றாம் விதி. ட்ரஸ்காட் வாசலில் நின்றார். நான்கு எட்டு வைத்தால் கை கொடுத்துத் தூக்கியிருக்கலாம். முன்னால் போய்விட்டால் கம்பெனியின் கௌரவம் நான்கு எட்டு குறைந்துவிடுமே! “எழுந்து வரட்டும், நான் காத்திருக்கேன்” என்று கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். கால் மணி நேரம் பார்த்தார். பிறகு தர்பார் முடிந்தது என்று சொல்லிக் குதிரை ஏறிப் போய்விட்டார். ஒன்பதாம் நாள் பைரிசால் செத்துப்போனார். மேல்மாடத்துக் கல்ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தக் கால் மணி நேரத்தையும் பார்த்தவள் அவருடைய ராணி உமேத் கன்வர். அவள் அழவில்லை. ஓராண்டு அவளுக்குப் பசிக்கவும் இல்லை.

பத்திரம் கல்கத்தாவிலிருந்து வரத்தான் செய்தது. அதைக் கையில் ஏந்திக்கொண்டுதான் ட்ரஸ்காட் அந்தக் கார்த்திகைக் காலையில் கம்பளத்தில் கால் வைத்தார். சிம்மாசனத்தருகே நின்ற ஷியோநாத் மூன்று தடவை ‘பதாரோ’ என்றான். பத்திரம் கைக்கு வராதவரை அவன் வீட்டுக்காரன் இல்லை; ஆகவே அது பலிக்கவில்லை. மண்டபம் முழுவதும் கழுத்தைத் திருப்பிக் கல்ஜன்னலைப் பார்த்தது. அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு உரிமை மிச்சமிருந்தது ஒருத்திக்குத்தான். உமேத் கன்வர் வாயைத் திறந்தாள், ஒரு ஏலக்காயைப் போட்டுக்கொண்டாள், மூடிக்கொண்டாள். மத்தியானம் ஆகியும் மேஜர் நடந்துகொண்டிருந்தார். ராணி இரண்டு கம்பு ரொட்டி கொண்டுவரச் சொன்னாள், நெய் நிறைய விட்டு.

முதல் மாதம் மேஜர் ஊர்ச் சாப்பாட்டைத் தொடவில்லை. அப்புறம் ரொட்டியும் மோரும் பழகிவிட்டன. கம்பளம் விரிக்கும் நூரா பக்கத்திலேயே தரையில் நடந்தபடி ஊட்டிவிடுவான். மற்ற காரியங்களுக்கு ஒரு திரையும் ஒரு சட்டியும் ஏற்பாடாயின. பூட்ஸ் தேய்ந்துபோனதும் ஊர்ச் செருப்பு தைத்துப் போட்டார்கள். நூரா இளகிய மனசுக்காரன். “துரை, இதோ தரை. ஒரே ஒரு எட்டு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன், யாரும் பாக்க மாட்டாங்க” என்பான். “நாலாவது விதி, நூரா” என்பார் மேஜர். கல்கத்தாவும் அதையேதான் எழுதியது. கம்பெனியின் ஏஜெண்ட் ஒரு குட்டி சமஸ்தானத்தின் கம்பளத்தைவிட்டு இறங்கினால் நாளைக்கு ஜெய்ப்பூரும் உதய்ப்பூரும் என்ன நினைக்கும்? நடை தொடரட்டும் என்று உத்தரவு வந்தது.

ராணி நாள்தோறும் காலையில் கல்ஜன்னலுக்கு வந்துவிடுவாள். மூன்றாம் ஆண்டு மேஜர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி அவளிடம் பேசினார்.

“ராணி சாஹிபா, இன்னும் எவ்வளவு தூரம்?”

“எனக்கென்ன தெரியும் துரை? நடக்கிறது நீங்க.”

“அன்னிக்கு நான் செஞ்சது தப்புதான்னு வச்சுக்குங்க.”

“வச்சுக்கிறதா? அன்னிக்கு நாலு எட்டு எடுத்து வைக்கக் கால் வரலை. இப்ப நல்லா வருதே. சும்மா சொல்லக் கூடாது, நடை அழகா இருக்கு.”

இப்படிப் பன்னிரண்டு ஆண்டு போயிற்று. தர்பார் முடியாததால் கம்பெனி வேறு ஏஜெண்டை அனுப்ப முடியவில்லை. ஏஜெண்ட் இல்லாத ஊரில் ராணியே நிர்வாகம் பார்த்தாள். கிணறுகள் வெட்டினாள், கம்பெனிக்காரர்களின் அபினி ஏஜெண்டுகளை ஒட்டகத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினாள். சனங்கள் கொழுத்தார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் நிமிர்ந்து நடந்தார்கள். பிறகு கல்கத்தாவுக்குப் புதிய லாட்டு, அதாவது கவர்னர் ஜெனரல், வந்தார். வரும் ஹோலிப் பண்டிகைக்குள் பத்திரம் வாரிசின் கைக்குப் போய்ச் சேராவிட்டால் ரத்தன்கேடா வாரிசில்லாத சமஸ்தானமாகிக் கம்பெனியோடு சேர்ந்துவிடும் என்று கடிதம் வந்தது. ஷியோநாத்துக்கு அப்போது முப்பத்தைந்து வயது. ஓடிவந்து ராணியின் காலில் விழுந்தான்.

“மாஜிசா, தாயே, ஒரே ஒரு வார்த்தை. அந்தக் கிழவன் வந்து சேர்ந்தா நமக்கு என்ன குறைஞ்சுபோச்சு? ராஜ்ஜியமே போகுதே!”

“போகட்டும்.”

“பெரியப்பா இருந்தா சொல்லியிருப்பார்.”

“ஆமா, சொல்லியிருப்பார். அதைச் சொல்லத்தானே அந்தக் காலை இழுத்துக்கிட்டு வாசல்வரைக்கும் போனார்? வாய்வரைக்கும் வந்த வார்த்தை, மகனே. அதோடதான் விழுந்தார். அவர் வாயிலிருந்து அதை எடுத்து நான் இவனுக்குக் கொடுக்கணுமா?”

“உங்க பழிக்கு நான்தான் கிடைச்சேனா?”

அவன் கேட்டதில் நியாயம் இருப்பது ராணிக்குத் தெரியும். ஆனாலும் கல்ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ஹோலியன்று காலையில் உமேத் கன்வர் கல்ஜன்னலை விட்டு எழுந்து, முக்காட்டை விலக்கி, தன் வாழ்நாளில் முதல்முறையாகப் படியிறங்கி மண்டபத்துக்கு வந்தாள். ஊரே திரண்டு நின்றது. ஷியோநாத் புதுத் தலைப்பாகை கட்டியிருந்தான். மேஜர் பத்திரத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவருடைய கண்ணில் தண்ணீர் தெரிந்தது. ராணி சிம்மாசனத்தருகே நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

“துரை, மோர் குடிச்சாச்சா?”

“குடிச்சாச்சு, ராணி சாஹிபா.”

“அப்ப நடங்க.”

சாயங்காலம் கோட்டைக் கொடியை இறக்கினார்கள். ஷியோநாத் தலைப்பாகையை அவிழ்த்துக் கம்பளத்தோரமாக வீசிவிட்டு, ராணியை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு அஜ்மீருக்குப் போனான். அவன் மேல் தப்பு சொல்ல முடியாது. அவள் மேலும் தப்பு சொல்ல வாய் வரவில்லை. ராஜ்ஜியத்தைக் கொடுத்து அவள் வாங்கியது என்னவென்று ஊருக்குத் தெரியும். அந்தப்புரத்தில் இரண்டு அறைகளை அவளுக்கு விட்டுவைத்து, மண்டபத்தைத் தாசில்தார் கச்சேரியாக்கினார்கள். ராஜ்ஜியம் போய்விட்டது, இனி இறங்கலாமே என்று மேஜரிடம் சொல்லிப் பார்த்தார்கள். பத்திரம் இன்னும் ஒப்படைக்கப்படவில்லை, ஒப்படைக்காமல் இறங்குவதென்றால் மேலிடத்து உத்தரவு எழுத்தில் வேண்டும் என்றார். எழுதவேண்டியவர்கள் எழுத மறந்துபோனார்கள். மறந்தார்களா, வெட்கப்பட்டார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

சிப்பாய்க் கலகம் வந்த ஆண்டு, வெள்ளைக்காரர்களைத் தேடிக்கொண்டு முப்பது குதிரைக்காரர்கள் உருவிய வாளோடு மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். கிழவி ராணி கைத்தடியை ஊன்றிக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள். “இவர் மேல ஒரு கீறல் விழக் கூடாது. சாவுன்னா ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும்” என்றாள். அவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள், வாளை உறையில் போட்டுக்கொண்டார்கள், மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். கலகம் அடங்கியபோது கம்பெனியே இல்லாமல் போயிற்று. அந்தச் செய்தியையும் நூரா நடந்தபடியே மேஜரின் காதில் போட்டான். மேஜர் இதையும் எழுத்தில் கேட்டார்.

விக்கிரம 1919ஆம் ஆண்டு மழைக்கு முன்பு உமேத் கன்வர் படுத்த படுக்கையானாள். அஜ்மீரிலிருந்து ஷியோநாத் வந்தான், மீசை நரைத்திருந்தது. கோபம் எங்கோ வழியில் தீர்ந்துபோயிருந்தது. அவள் போய்விட்டால் அந்த வார்த்தையைச் சொல்ல உலகத்தில் ஆள் இல்லை என்று அவனுக்குத் தெரியும். தனக்காகக் கேட்கவில்லை, அந்த மனுஷனுக்காகக் கேட்கிறேன், இப்போதாவது சொல்லிவிடுங்கள் என்று அவளுடைய காதோரம் குனிந்து சொன்னான். அவள் உதடு அசைந்தது. இன்னும் குனிந்தான்.

“துரை நடக்கிறாரா?”

“நடக்கிறார், மாஜிசா.”

“அது போதும்” என்றாள். ஒரு வாய் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். அன்று அவளுடைய முகத்தில் இருந்த நிம்மதியைக் குளிப்பாட்டிய பெண்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நூராவுக்குப் பிறகு அந்த வேலையைக் கச்சேரிச் சேவகன் ஒருவன் பார்த்துக்கொள்கிறான். வழக்குக்கு வருகிறவர்கள் கம்பளத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். புதிதாக மாற்றலாகி வரும் தாசில்தார்கள் முதல் ஒரு வாரம் மேஜருக்குச் சலாம் வைப்பார்கள். பிறகு வேலை மும்முரத்தில் மறந்துபோவார்கள்.