ஒன்பதாவது சீர்த்தட்டு

எங்கள் மலாய் வழக்கப்படி, மாப்பிள்ளை வீட்டார் ஏழு சீர்த்தட்டு கொண்டுவந்தால் பெண்வீட்டார் ஒன்பது திருப்பிக் கொடுக்க வேண்டும். செருப்பு, அத்தர், கேக், தொழுகைப் பாய் என்று எட்டுத் தட்டை நான் ஒரே நாளில் ஒப்பேற்றிவிட்டேன். ஒன்பதாவதில் என்ன வைக்கலாம் என்று கேட்டதற்கு, கல்யாணப் பெண்ணான என் தங்கை ஸீலா சொன்னாள்: எஞ்சின் ஆயில்.

"சீர்ல எஞ்சின் ஆயிலா? கழண்டுபோச்சாடி உனக்கு?"

"ஹில்மானுக்கு வேற என்னக்கா பிடிக்கும்? என்னையே காருக்கு அடுத்தபடியாத்தான் வச்சிருக்காரு."

மாப்பிள்ளை ஹில்மானின் கார் டர்போ வைத்த புது ரகம். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும். அதற்கென்று மெல்லிய ஆயில் ஒன்று இருக்கிறதாம், அதைத்தான் ஊற்ற வேண்டுமாம். கண்டதை ஊற்றிவிட்டு மேட்டில் மெதுவாக இழுக்கும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால், உள்ளே பெட்ரோல் முன்கூட்டியே வெடித்துப் பிஸ்டனையே உடைத்துவிடும் என்று ஸீலா எனக்குப் பாடம் நடத்தினாள். கேட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்காக நான் தூண்டில் முள்ளில் எத்தனை ரகம் என்று மனப்பாடம் செய்தவள், எனக்கென்ன பேச்சு? அவள் கேட்ட ஆயிலையே வாங்கி, தங்க நிற வலை சுற்றி, ரோஜாப்பூ செருகி வைத்தேன்.

கல்யாணத்தன்று, மழைக்குப் பேர்போன எங்கள் தைப்பிங்கில் அதிசயமாக மழை இல்லை. ஹில்மானின் கார் கிளப் நண்பர்கள் காலையிலேயே வந்து, எங்கள் வாசலில் காரைத் தூக்கி நிறுத்திப் பழைய ஆயிலை வடித்துவிட்டார்கள். விருந்து முடிந்ததும் சீரில் வந்த ஆயிலை மாப்பிள்ளையே ஊற்றி, அதே காரில் ஜோடி கேமரன் மலைக்குக் கிளம்ப வேண்டும் என்று ஏற்பாடு. ஊர் முழுக்க ரெண்டாங் கறி சாப்பிட்ட கையோடு வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது.

ஹில்மான் வலையைப் பிரித்தார். உள்ளே பெரிய டின் ஒன்று. லாரிக்கு ஊற்றுகிற டீசல் ஆயில்.

காலையில் தூக்கும்போதே தட்டு கனத்தது. அலங்காரக்காரி கூப்பிட்டாளென்று அப்படியே விட்டுவிட்டு ஓடினேன், என்னைச் சொல்ல வேண்டும்.

"நான்தான் மாத்தினேன்!" அப்பாவுக்கு முகமெல்லாம் பல். "இவளுங்க வாங்கினது தண்ணி மாதிரி கலகலங்குது. இது நல்ல கெட்டி. என் லாரி ஆயுசு பூரா இதைக் குடிச்சுத்தான் ஓடுச்சு. ஊத்துங்க மாப்பிள்ளை!"

கிளப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸீலா என் கையைக் கிள்ளினாள். ஊற்றினால் மலையேற்றத்தில் எஞ்சின் போய்விடும். ஊற்றாவிட்டால், கல்யாண நாளிலேயே மாமனார் கொடுத்த சீரை ஊர் பார்க்க ஒதுக்கிய மாதிரி ஆகும்.

"அப்பா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு. மணலுக்கும் மாவுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆயில் பத்திப் பேச வந்துட்டா."

ஹில்மான் அப்பாவின் கையைப் பிடித்து முத்தமிட்டார். "அப்பா, சீர்னு குடுத்துட்டா இது என்னோடதுதானே?"

"பின்னே?"

"எதுல வேணும்னாலும் ஊத்திக்கலாமா?"

"தாராளமா!"

டின்னைத் தூக்கிக்கொண்டு ரம்புத்தான் மரத்தடியில் நின்ற அப்பாவின் லாரிக்கு நடந்தார். "ரொம்ப நாளா இவருக்கு ஆயில் மாத்தலையாமே? முதல் விருந்து இவருக்கு!" என்று லாரியைத் தட்டிக்கொடுத்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா தட்டவில்லை.

"என் ஆயில் வேணாங்கறீங்க," என்றார் மெதுவாக.

ஹில்மான் டின்னைக் கீழே வைத்தார். "அப்படி இல்லப்பா. இது லாரிக்கு அமிர்தம், என் காருக்கு ஆகாது. இதை ஊத்திட்டு ஏறினா பாதி மேட்டுல எஞ்சின் உடைஞ்சாலும் உடையும். பக்கத்துல உங்க பொண்ணு உக்காந்திருப்பா."

"அதுக்குத்தான்டா மாத்தினேன்!" அப்பாவின் குரல் உடைந்துவிட்டது. "அந்த மலையில எத்தனை வண்டி புகையோட நின்னு பார்த்திருக்கேன். தண்ணியை நம்பி என் பிள்ளையை எப்படிடா அனுப்புவேன்?"

வீம்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அப்பா ஸீலாவைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு லாரியில் ஏறி, சீட்டுக்கு அடியிலிருந்து நான் வாங்கிய ஆயிலை எடுத்து வந்தார். ரோஜாப்பூ இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மூடியைத் திற," என்றார் ஹில்மானிடம்.

பிஸ்மில்லாஹ் சொல்லி அப்பாவே ஊற்றினார். கூவிய பையன்களை ஒரு முறைப்பில் அடக்கினார். அளவு பார்க்கும் கம்பியை உருவி, துடைக்கத் துணி தேடினார். கிடைக்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த புத்தம்புதுச் சொங்கேட் பட்டின் ஜரிகையில் அழுந்தத் துடைத்தார்.

"ஐயோ, என் சொங்கேட்!" என்று அம்மா போட்ட சத்தத்தில் ரம்புத்தான் மரத்துக் காக்கைகள் பறந்தன.

அப்பா காதிலேயே வாங்கவில்லை. கம்பியை மறுபடி விட்டு எடுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அப்புறம் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரியா இருக்கு," என்றார். "இப்ப கூட்டிட்டுப் போ."