கருவாட்டுக் குழம்புக்கு எட்டாத வைஃபை

ஆரோக்கியராஜ் பின்னறையில் பாதி வாக்கியத்தோடு நின்றுவிட்டார். அந்த அறைக்கு வைஃபை எட்டாது. துண்டு எடுக்கப் போன மனிதர் சும்மா போயிருக்கலாம், பேசிக்கொண்டே போனார். "ஜெசி, நீ நேத்து வச்ச கருவாட்டுக் குழம்பு..." என்றார். அவ்வளவுதான். வாய் திறந்தபடி நிற்க, தலைக்கு மேல் சின்ன வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது.

ஜெசிந்தாவுக்கு வட்டம் பெரிதாகப் படவில்லை. கல்யாணமான நாள் முதல் அவர் அவள் சமையலைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாப்பிடுவார், கை கழுவுவார், போய்விடுவார். இன்றைக்குத்தான் திருவாய் மலர்ந்தது. மலர்ந்த வாய் அப்படியே நிற்கிறது! மீதி வாக்கியம் என்னவென்று தெரியாமல் அவளால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை.

"குறை சொல்லத்தான் வந்திருப்பான்," என்றது முன்னறைச் சுவரில் இருந்த மாமியார் படம். ரவுட்டர் அந்தப் படத்துக்குக் கீழேதான் இருந்தது. அதனால் மாமியாருக்கு எப்போதும் முழு சிக்னல். "கருவாட்டுக் குழம்புன்னா அது நான் வச்சதுதான்."

"அவரு முடிக்கட்டும் அத்தை."

பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, அண்ணன் சுத்துறாரா?"

"காலையிலேர்ந்து."

"எங்க நாத்தனாரும் சுத்துனாங்க. நாங்க அப்படியே விட்டுட்டோம். நிம்மதியா இருக்கு."

ஜெசிந்தா விடுகிற ஆள் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

"இன்னொரு ரவுட்டர் வேணும்."

"யாருக்கு?" என்றார் கடைக்காரர்.

"வீட்டுக்காரருக்கு."

"எந்த இடத்துல நிக்கிறார்?"

"கருவாட்டுக் குழம்புல."

"அங்க நிறைய பேர் நிக்கிறாங்க," என்று பெட்டியை எடுத்துக் கொடுத்தார். "மொத ரவுட்டர் சொல்றது இதுக்குக் காதுல விழணும். விழுந்தாத்தான் இது அந்தப் பக்கம் சொல்லும்."

வீட்டுக்கு வந்ததும் ஜெசிந்தா அதைப் பீரோவுக்குள் வைத்தாள். புதுச் சாமான் எதுவானாலும் அந்த வீட்டில் முதலில் பீரோவுக்குள்தான் போகும். ஒயரைக் கதவிடுக்கு வழியாக வெளியே இழுத்துச் சொருகினாள். இரும்புப் பீரோ. சிக்னல் அதைத் தாண்டவில்லை. உள்ளே புடவைகளுக்கு மட்டும் அருமையாகக் கிடைத்தது. கல்யாணப் பட்டுக்கு அழைப்பு வந்தது. எடுத்துப் பார்த்தால் ராங் நம்பர்.

"அவன் உப்புப் பத்தலன்னு சொல்ல வந்தான்," என்றது படம்.

ஜெசிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு ரவுட்டரைப் பின்னறைக்கே கொண்டுபோய்க் கணவர் காலடியில் வைத்தாள். அங்கேதான் சிக்னலே இல்லையே! ரவுட்டரின் தலைக்கு மேலும் ஒரு வட்டம் வந்தது. இருவரும் ஜோடியாகச் சுற்றினார்கள்.

"அப்படின்னா நடுவுலதான் வைக்கணும்," என்று வாய்விட்டுச் சொன்னாள். முன்னறைக்கும் பின்னறைக்கும் இடையே இருந்த நடை இதைக் கேட்டுவிட்டது. அவள் ரவுட்டரோடு கால் வைத்ததும் நீள ஆரம்பித்தது. நடு எங்கே என்று பார்த்தால் நடு தள்ளிப் போனது. நடந்தாள், ஓடினாள். மூச்சு வாங்கியது. கண் கலங்கியது. பாழாய்ப் போன ஒரு வார்த்தைக்கு இந்தப் பாடா என்று அழுகையே வந்தது.

அப்போது கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. நாளைக்கு இட்லிக்கு அவளே காலையில் போட்டுவிட்டு மறந்தது. நடையில் பாதி தூரத்தில் நின்று அரைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கல்லின் கனத்துக்கு அது நிற்கும் இடத்தில் மட்டும் நடையால் நீள முடியவில்லை. அதன் பக்கத்தில் இருந்த ஒரே பிளக்கில் அதன் ஒயர் சொருகியிருந்தது.

"இட்லி இல்லாட்டிப் போகுது போ," என்றாள் ஜெசிந்தா. கிரைண்டர் ஒயரைப் பிடுங்கினாள். ரவுட்டரைச் சொருகி, கிரைண்டர் மூடிமேல் வைத்தாள்.

கல் நின்றது. வட்டமும் நின்றது. ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. நடை சுருங்கி, நல்ல பிள்ளையாகப் பழைய அளவுக்கு வந்தது.

"...மாதிரி எங்க அம்மாகூட வச்சதில்ல," என்று முடித்தார் ஆரோக்கியராஜ். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

ஜெசிந்தாவுக்கு உச்சி குளிர்ந்தது. சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. "ஏங்க, இன்னொரு தடவ சொல்லுங்க. நடந்துக்கிட்டே சொல்லுங்க."

அவர் பின்னறையிலிருந்து முன்னறைவரை நடந்துகொண்டே முழுதாகச் சொன்னார். ஓர் எழுத்துகூட விட்டுப்போகவில்லை. படத்துக்கு நேரே வந்துதான் நின்றார்.

ஜெசிந்தாவும் பின்னாலேயே வந்து படத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னமோ சொல்றான்," என்றது படம். "சரியாக் கேக்கல. சிக்னல் விட்டு விட்டு வருது."

ஜெசிந்தா குனிந்து படத்துக்குக் கீழே இருந்த ரவுட்டரைப் பார்த்தாள். நிமிர்ந்து முந்தானையை இடுப்பில் சொருகினாள்.

"எல்லா லைட்டும் எரியுது அத்தை," என்று சொல்லிவிட்டு, மிச்சக் குழம்பைச் சுட வைக்கப் போனாள்.