ஏழாம் கட்டில்

தொழில் பதிவைப் புதுப்பிக்க, பயிற்சி வகுப்புகளில் சேர்த்த முப்பது கிரெடிட் வேண்டும். ஐந்து வருடத்தில் சேர்க்க வேண்டியதைக் கடைசி மாதத்தில் அள்ளிக்கொள்வது பிசியோதெரபிஸ்டுகளின் குல வழக்கம். நோயாளி வீட்டில் பயிற்சி செய்யவில்லை என்றால் அவர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தங்கள் பாடம் என்று வந்தால் மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போடுவார்கள். தங்கக்கையும் அதற்கு விலக்கில்லை. கடைசி ஆறு கிரெடிட்டுக்காகத்தான் அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கழுத்துச் சிகிச்சை வகுப்புக்குப் பெயர் கொடுத்திருந்தாள்.

தங்கக்கை என்பது நோயாளிகள் வைத்த பெயர். இருபத்தோரு வருடமாக இந்தத் தொழில் பார்க்கிறாள். அந்தப் பெயரைக் கேட்டால் முன்பெல்லாம் மனசு குளிரும். ஒன்பது மாதமாக, அதைக் கேட்டாலே பேச்சை மாற்றிவிடுகிறாள்.

காரணம் ஒரு தையற்காரி. மெஷினில் குனிந்து குனிந்து கழுத்துப் பிடித்துக்கொண்டது என்று வந்தவள். கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி எடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைக் கையில் ஏந்தி, ஒரு பக்கமாகக் கடைசி வரை திருப்பிப் பிடித்துக்கொண்டு பத்து எண்ண வேண்டும். தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்க்கு ஆபத்து, கழுத்தில் கையே வைக்கக் கூடாது. தங்கக்கை ஆறு வரை எண்ணிவிட்டுக் கேட்டாள். தையற்காரி, "பரவாயில்லைம்மா" என்றாள்.

இந்தப் பரவாயில்லை இருக்கிறதே, அதை நம்பி ஓர் ஆணி அடிக்க முடியாது. தேவலை என்றும் பொருள். உங்களுக்கு எதற்குச் சிரமம், நான் பொறுத்துக்கொள்கிறேன் என்றும் பொருள். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். தங்கக்கை தனக்குத் தோதான பொருளை எடுத்துக்கொண்டு கழுத்தைத் திருப்பினாள். 'சோதனை செய்யப்பட்டது, தலைசுற்றல் இல்லை' என்று கார்டில் எழுதினாள். அன்று சாயங்காலமே தையற்காரி பக்கவாதம் வந்து மெஷின் மேல் சாய்ந்தாள். எட்டாம் நாள் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். கழுத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அதோடு போயிருந்தால்கூடத் தங்கக்கை எப்படியாவது மறந்திருப்பாள். தையற்காரியின் கணவர், ஓய்வு பெற்ற தபால்காரர், அடுத்த மாதமே முழங்கால் வலி என்று அவளிடம் வந்து நின்றார். வாரம் தவறாமல் திங்கட்கிழமை காலை வருகிறார். "அவ உங்களைப் பத்தி வாய் ஓயாம சொல்லுவாம்மா" என்கிறார். அந்த முழங்காலைத் தொடும்போதெல்லாம் அவளுக்குச் செத்துப் போகலாம் போல இருக்கும்.

வகுப்பு ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நடந்தது. நீளமான கூடம், ஏழு சிகிச்சைக் கட்டில்கள், மூலையில் ஓர் எலும்புக்கூடு. அதன் தலையில் யாரோ தொப்பி மாட்டியிருந்தார்கள். முடிவில் ஒவ்வொருவரும் 'நான் தவறு செய்த ஒரு நிகழ்வு' என்று ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும், அனுப்பினால்தான் கிரெடிட் என்று பயிற்சியாளர் சொன்னார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கால்பந்துக் குழு ஒன்றுக்கு வேலை பார்ப்பவன். எல்லாரும் அவனைப் பந்து என்றே கூப்பிட்டார்கள். "நான் ஐஸ் பையை அஞ்சு நிமிஷம் கூட வச்சுட்டேன்னு எழுதப் போறேன். நீங்கக்கா?" என்று காதைக் கடித்தான்.

"ஒத்தடம் கொஞ்சம் சூடாயிடுச்சுன்னு" என்றாள்.

புண்ணைக் காட்டச் சொன்னால் கொசுக்கடியைக் காட்டும் கூட்டம்தான் அது. அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் உண்மையை எழுதினால் பதிவு போய்விடும், பிழைப்பும் போய்விடும். ஒத்தடம்தான் என்று முடிவு செய்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டறியும் பயிற்சி. பாதிப் பேர் கட்டிலில் படுத்து, கண்ணை மூடித் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். மீதிப் பேரைக் கண்ணைக் கட்டி, உதவியாளர் தலைமாட்டில் கொண்டுபோய் உட்கார வைப்பார். யார் கழுத்து என்று தெரியாமல் விரலால் படிக்க வேண்டும். "கண்ணு பார்த்ததும் மூளை கதை கட்ட ஆரம்பிச்சுடும். விரலுக்குக் கதை தெரியாது" என்றார் பயிற்சியாளர்.

தங்கக்கையைக் கடைசிக் கட்டிலான ஏழாம் கட்டிலின் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். கையை நீட்டினாள். தலை கிடைத்தது. வெதுவெதுப்பான, கனமான தலை. அடர்த்தி குறைந்த முடி. விரல்கள் பின்கழுத்தில் இறங்கின. இரண்டாம் எலும்புக்குக் கீழே, இடப்பக்கம், மிளகளவு ஒரு முடிச்சு. வலது காதுக்குப் பின்னால் பழைய தழும்பு ஒன்று, பிறை போல வளைந்து.

பிசியோதெரபிஸ்டுகளுக்கு முகம் மறந்து போகும், பெயர் மறந்து போகும். தொட்ட கழுத்து மறக்காது. தையல் மெஷின் எண்ணெய் வாடை லேசாக அடித்தது. கையை எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். விரல்கள் எடுக்கவில்லை. பழக்கத்தின் வேகத்தில் அவை தலையை மெல்லத் திருப்பின. ஒன்று, இரண்டு என்று உள்ளே எண்ணத் தொடங்கினாள். ஆறில் நிறுத்த அவளுக்குத் தைரியம் வரவில்லை. பத்து வரை எண்ணினாள்.

"தலை சுத்துதா?" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது.

"பரவாயில்லைம்மா."

அவள் தலையைத் திரும்பத் தலையணையில் வைத்தாள். அப்போது பயிற்சியாளர் உரக்கச் சொன்னார். "கண்கட்டை அவுக்காதீங்க. அப்படியே இடம் மாறிக்குங்க. படுத்திருந்தவங்க துண்டை எடுத்துக் கண்ணுல கட்டிக்குங்க."

எழுந்து ஓடியிருக்கலாம். ஏன் ஓடவில்லை என்று பிற்பாடு அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள். சொன்னதைச் செய்து பழகிய உடம்பு தானாகக் கட்டிலில் ஏறிப் படுத்தது. ஏறும்போது விரிப்பு சூடாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். சில்லென்று இருந்தது.

இரண்டு கைகள் வந்து அவள் தலையை ஏந்தின. தொடுவதற்கு முன்னால் நெற்றிப் பொட்டில் ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டு. பயப்படாதே, தொடப் போகிறேன் என்று நோயாளிக்குச் சொல்கிற தட்டு. எந்தப் பாடத்திலும் கிடையாது. இருபத்தோரு வருடமாக அவள் மட்டும் செய்வது.

அவை அவளுடைய கைகள்தான். கட்டைவிரலின் அந்த அழுத்தம், சுண்டுவிரலை விலக்கி வைக்கும் அந்தப் பதம், எல்லாமே அவளுடையது. எவ்வளவு அவசரமான கைகள் என்று அன்றுதான் தெரிந்தது. தலை இடப்பக்கமாகத் திரும்பியது. இன்னும் திரும்பியது. கூடம் மெதுவாகச் சுழன்றது, மூடிய கண்ணுக்குள் பொறி பறந்தது, நாக்கு தடித்தது.

"தலை சுத்துதா?" அவளுடைய குரல். வெளியே நாலு பேர் காத்திருக்கும்போது அவள் பேசும் குரல்.

"பரவாயில்லை" என்றாள் தங்கக்கை.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. இவ்வளவு மெனக்கெடுகிறவரிடம் குறை சொல்வானேன் என்று ஒரு கூச்சம், அவ்வளவுதான். அது தானாக வந்துவிட்டது. கைகள் இறுகின. கடைசித் திருப்புக்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பார்கள், அந்த மூச்சு அவள் காதருகே கேட்டது.

"இல்ல! சுத்துது! கண்ணு இருட்டுது, விட்டுடுங்க!"

கைகள் உடனே விடவில்லை. யோசித்தன. யாரோ நிதானமாகப் பத்து எண்ணும் நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தன. பிறகு தலையை இறக்கி வைத்தன.

கண்கட்டை அவிழ்த்தபோது எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் வேகமாக வந்தார். "என்னம்மா ஆச்சு? யாரு விடணும்? ஏழாம் கட்டில்ல யாருமே இல்லையே. உங்க ஜோடி சாப்பாட்டு நேரத்துலயே கிளம்பிட்டார். உதவியாளர் கவனிக்காம உங்களை இங்க உட்கார வச்சுட்டார். நீங்க வெறும் காத்துல கையை வச்சு அவ்வளவு அழகா செஞ்சீங்க, ஞாபகத்துலேர்ந்து செஞ்சு பார்க்கிறீங்கன்னு நானும் விட்டுட்டேன்."

"நான் படுத்திருந்தப்போ?"

"யாரும் உங்க பக்கத்துலகூட வரல."

பந்து குனிந்து அவள் கழுத்தைப் பார்த்தான். "அக்கா, இது என்ன சிவப்பா? கட்டைவிரல் தடம் மாதிரி இருக்கு." அவள் சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே எழுதினாள். ஒத்தடத்தைப் பற்றி அல்ல. ஆறு வரை எண்ணியது, சந்தேகம் வந்தும் இரண்டாம் தரம் கேட்காதது, கார்டில் எழுதிய பொய், ஒன்றையும் விடவில்லை. பதிவு போனால் போகட்டும் என்று ஒரு வைராக்கியம் வந்திருந்தது. ஆனால் எங்கோ இருக்கும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவதற்கு முன்னால் அந்த மனிதருக்குத் தெரிய வேண்டும். காகிதத்தை அனுப்பாமல் பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை தபால்காரர் வழக்கம் போலத் தாங்கித் தாங்கி நடந்து வந்தார். செருப்பைக் கழற்றிக் கட்டிலடியில் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க வீட்டம்மாவைப் பத்தி."

பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. அவள் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்து, பார்க்காமலே சொன்னாள். முழுக்கச் சொன்னாள். "அவங்க பரவாயில்லைன்னாங்க. அதுல ஏதோ சரியில்லைன்னு எனக்கே பட்டுச்சு. இன்னொரு தடவை கேட்டிருக்கணும். கேக்கல. என்னாலதான் ஐயா போனாங்க" என்று முடிக்கும்போது அழுதுவிட்டாள்.

அவர் பேன்ட்டை விட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ நீங்க கேட்டீங்க" என்றார். "தலை சுத்துதான்னு கேட்டீங்க."

"ஒரு தடவை கேட்டேன்."

"அவளுக்கு மூணு நாளாவே சுத்திக்கிட்டுத்தாம்மா இருந்துச்சு. நான்தான் சொன்னேன், அங்க போய் அதெல்லாம் சொல்லாதே, ஸ்கேன் எடுன்னு அலைய விட்டுடுவாங்க, என்ன கேட்டாலும் பரவாயில்லைன்னு சொல்லிடுன்னு." சுருட்டிய பேன்ட்டைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார். "கேட்டீங்களா, கேக்கலையான்னு தெரிஞ்சுக்கத்தான் வாரா வாரம் வந்தேன். வாயே வரல."

கட்டிலிலிருந்து இறங்கினார். செருப்பை எடுக்கத் தரையில் முழுக்கக் குந்தி உட்கார்ந்தார். இரண்டு முழங்காலும் எந்தத் தடையும் இல்லாமல் மடங்கின. ஒரு முனகல்கூட இல்லை. தங்கக்கை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எட்டு மாதமாக அந்த முழங்காலுக்கு அவள் சிகிச்சை எழுதி வந்திருக்கிறாள்.

அவர் எழுந்து மேஜையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"இதை அனுப்பத்தான் போறீங்களா?"

"ஆமா ஐயா."

"அப்போ கீழே கொஞ்சம் இடம் விடுங்கம்மா" என்று சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். "நானும் எழுதணும்."