பதினோரு வாரத்துச் சைபர்

மார்ச் கடைசியில் மலையில் காப்பிச் செடியெல்லாம் ஒரே நேரத்தில் பூத்துவிட்டது. ஏற்காட்டில் அந்த நாலு நாளும் மனிதர்களுக்கு வேறு பேச்சே கிடையாது. பஸ்ஸில் ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லாரும் மூக்கை விரித்துக்கொண்டு "என்னா வாசம்!" என்பார்கள். தலைச்சோலை பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருந்த சசிகலாவிடமும் பக்கத்து சீட்டு அம்மாள் அதைத்தான் கேட்டாள்.

"பூ வாசம் பாத்தீங்களா? ஆளைத் தூக்குது!"

"ஆமாங்க, நொம்ப நல்லாருக்குது" என்றாள் சசிகலா.

பொய். சுத்தப் பொய். நாலு வருஷமாக அவளுக்குக் காப்பிப் பூவும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான். கொரோனா இரண்டாவது அலையில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒன்றாகப் படுத்தார்கள். புருஷன் மாதேஷ் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவன். சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. இவள் திரும்பி வந்தாள், மூக்கு வரவில்லை. ஆள் போன வீட்டில் மூக்கு போன கதையை யாரிடம் போய் அழுவது? பிள்ளை குட்டியும் இல்லை. அவனுடைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் வைத்திருந்தாள். எடுத்து முகத்தில் வைத்துப் பார்ப்பாள், வெறும் துணியாக இருக்கும். ஒரு நாள் அதையும் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள்.

இந்த லட்சணத்தில் அவள் பார்த்த வேலை என்ன தெரியுமா? மோந்து பார்க்கிற வேலை!

தலைச்சோலையில் இறங்கி முக்கால் மணி நேரம் நடந்தால் சுனைக்காடு. நாற்பத்திரண்டு வீடு. ஊருக்கு மேலே ஒரு கம்பெனி பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்காக இல்லை, சூட்டுக்காக. பாறைக்கு அடியில் வெகு ஆழத்தில் கிடக்கிற வெப்பத்தை ஆவியாக மேலே கொண்டுவந்து கரண்டு எடுக்க முடியுமா என்று சோதனை. நிலக்கரி வேண்டாம், புகை வேண்டாம், நல்ல காரியம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் கீழேயிருந்து ஆவி மட்டும் தனியாக வந்துவிடுமா? கூடவே ஒரு வாயுவும் வரலாம். அழுகின முட்டை போல நாறும். கொஞ்சம் வந்தால் கண் எரியும், தலை வலிக்கும், இருமல் பிடிக்கும். அதிகமானால் ஆளையே சாய்த்துவிடும். காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். சனங்களின் உடம்பு என்ன ஆகிறது என்று வாராவாரம் பார்த்து எழுத ஒரு மருத்துவக் குழு வந்திருந்தது. அதற்குத் தலைமை டாக்டர் ஆஃப்ரின், ஏற்காட்டில் கடை வைத்திருக்கும் ஜாபர் அலி பாயின் மகள்.

படிவத்தில் கேள்விகள் ஒரு பக்கம் முழுக்க இருந்தன. கடைசியில் ஒரு கட்டம். அதைப் பற்றி ஆஃப்ரின் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"அக்கா, இந்த ஊர்ல யாரும் சுனைத் தண்ணியக் குத்தம் சொல்ல மாட்டாங்க. உங்களுக்கே தெரியும். அதனால கடைசிக் கட்டம் உங்களோடது. தண்ணிய நீங்களே மோந்து பாருங்க. சைபர்ல இருந்து அஞ்சு வரைக்கும் ஒரு நம்பர் போடுங்க. வாயுவ அளக்கற மிசின் மேல துளைகிட்ட ஒண்ணுதான் இருக்குது. இங்க உங்க மூக்குதான் எங்களுக்கு மிசின்."

உண்மைதான். சுனைக்காட்டில் அந்தச் சுனை சாமி மாதிரி. செருப்பைத் தூரத்தில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். முதல் குடத்தைச் சுனைக்கே திருப்பி ஊற்றிவிட்டுத்தான் அடுத்த குடம். அதைக் குத்தம் சொன்னால் ஊற்று கோவித்துக்கொண்டு உள்ளே போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. தண்ணீர் எப்படி என்று கேட்டால் நாற்பத்திரண்டு வீட்டிலும் ஒரே பதில்தான் வரும்: "அதுக்கென்னங்க, அமிர்தம்!"

சரி, மூக்கில்லாதவளுக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது? ஆளெடுக்கும் நாளில் மூன்று சீசாவைத் திறந்து காட்டி என்ன வாடை என்று கேட்டார்கள். இவளுக்கு முன்னால் போன கீர்த்திகா என்ற பெண் வெளியே வந்து, "முட்டை, மண்ணெண்ணெய், மூணாவது வெறும் தண்ணி" என்று தோழியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். சசிகலா உள்ளே போய் அதையே வரிசையாக ஒப்பித்தாள். அவ்வளவுதான் திருட்டு.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. வியாழக்கிழமைதோறும் நாற்பத்திரண்டு வாசலில் அவளைப் பார்த்து "வாங்க" என்பார்கள். கிளியூரில் அவள் குடியிருந்த வீட்டில் வெள்ளி முதல் புதன் வரை கதவைத் தட்ட ஒரு நாதி கிடையாது. தன் குரலைத் தானே கேட்கப் பல நாள் ரேடியோவோடு பேசுவாள். வியாழன் வந்தால் தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். மோந்து பார்க்கத் தெரியாவிட்டால் என்ன, நாத்தம் அடித்தால் யாராவது ஒருத்தர் முகம் சுளிக்காமலா போவார், அப்போது எழுதிக்கொள்ளலாம் என்று சமாதானம் வேறு. பதினோரு வாரம் கட்டத்தில் சைபர் சைபராகப் போட்டாள். தன் நோட்டிலும் அதையே வாரவாரியாக எழுதி வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பன்னிரண்டாவது வியாழன்.

ஊரின் கடைசி வீடு கண்ணம்மாளுடையது, சுனைப் பள்ளத்தை ஒட்டினது. ஐம்பத்தெட்டு வயசு, தனியாள். மகன் சின்னராஜ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். சசிகலா அந்த வீட்டைக் கடைசியாக வைத்துக்கொள்வாள். அங்கே போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. கண்ணம்மாள் சுனைத் தண்ணீரை டம்ளரில் மொண்டு நீட்டுவாள். சசிகலா மூக்கருகே கொண்டுபோய் ஒரு மூச்சு இழுத்துவிட்டு சைபர் போடுவாள். அந்த ஒரு மூச்சு நேரமும் கண்ணம்மாள் கண் சிமிட்டாமல் அவள் முகத்தையே பார்ப்பாள். நம்மைப் பார்க்க ஒருத்திக்கு இத்தனை ஆசையா என்று சசிகலா உள்ளுக்குள் உருகிப்போவாள். பைத்தியக்காரி.

அன்றைக்கு டம்ளரை நீட்டிய கையில் வெள்ளிக் காப்பு கறுத்திருந்தது. மகன் முதல் சம்பளத்தில் வாங்கிப் போட்ட காப்பு. போன வாரம்தான் திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளவென்று காட்டினாள். இன்றைக்கு அது சட்டி அடி போல இருந்தது.

அந்த வாயு பட்டால் வெள்ளி கறுக்கும் என்று பயிற்சியில் சொன்னது சசிகலாவுக்குச் சுருக்கென்று நினைவுக்கு வந்தது.

"ஏனுங்க அக்கா, காப்பு ஏன் இப்படிக் கறுத்துப்போச்சு?"

"தேய்க்க நேரமில்லீங்க அம்மிணி."

"போன வாரந்தான தேச்சீங்க?"

கண்ணம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். சசிகலா கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள்.

"அக்கா, தண்ணி நாறுதுங்களா?"

கண்ணம்மாள் சுனைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குத் தை மாசத்துல இருந்தே நாறுதுங்க. வெடியக்காலம் கதவத் தெறந்தா கொடலப் பெரட்டுது. கண்ணு எரியுது. வெயில் ஏறினா காத்துல போயிருது, மொண்டு வெச்ச தண்ணியில போகறதில்லீங்க. பக்கத்து ஊட்டுப் பாவாயிகிட்டக்கூட நானு சொல்லல. எப்படிங்க சொல்றது? நீங்க வாராவாரம் வந்து மோந்து பாக்கறீங்க. மூஞ்சி சுளிக்கிறீங்களான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். நீங்க பாட்டுக்கு எழுதிட்டுப் போயிருவீங்க. அப்ப எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். எங்கம்மாளுக்கும் கடைசிக் காலத்துல இல்லாத நாத்தமெல்லாம் அடிக்கும். பையனுக்குத் தெரிஞ்சா எங்கியாச்சும் கொண்டுபோயி உட்டுருவானோன்னு பயந்துக்கிட்டே கெடக்கறனுங்க."

அடப்பாவமே! ஊர் இவள் மூக்கை நம்பியது, இவள் ஊர் வாயை நம்பினாள். நடுவில் ஒருத்தி இரண்டு மாசமாகத் தன் புத்தியையே நம்பாமல் கிடந்திருக்கிறாள்.

சசிகலாவின் கையில் பேனா இருந்தது. இன்றைக்கு ஒரு நாலு போட்டுவிட்டால் போதும். இந்த வாரம்தான் நாற ஆரம்பித்தது என்று ஆகிவிடும். எவனும் கேட்கப் போவதில்லை, அடுத்த வியாழனும் நாற்பத்திரண்டு வாசலில் "வாங்க" என்பார்கள். ஆனால் பழைய சைபரெல்லாம் அப்படியே நிற்கும். தையில் அடித்த நாத்தம் கண்ணம்மாளின் மண்டைக்குள் மட்டும் அடித்ததாகவே போய்விடும். சசிகலா பேனாவை மூடினாள்.

"அக்கா, உங்க புத்தி நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தானுங்க மூக்கு இல்ல. கொரோனாவுல போனது, வரவே இல்ல."

கண்ணம்மாள் முதலில் விளையாட்டென்று சிரித்தாள். இவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அப்ப இத்தன வாரம் எதைங்க மோந்தீங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

"பின்ன எதுக்குங்க வந்தீங்க?"

"நீங்கெல்லாம் வாங்கன்னு சொல்லுவீங்க" என்றாள் சசிகலா. "அதுக்குத்தான் வந்தேன்."

கண்ணம்மாள் அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கி, தண்ணீரை வாசலில் கொட்டினாள். சுனைத் தண்ணீரை அந்த ஊரில் அப்படிக் கொட்ட மாட்டார்கள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சசிகலா மேட்டுப் பாறைக்கு ஏறி, சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று ஆஃப்ரினுக்குப் போன் செய்தாள். ஒன்று விடாமல் சொன்னாள், அந்த மூன்று சீசா உட்பட. அந்தப் பக்கத்திலிருந்து, "ஏன்க்கா இப்படிச் செஞ்சீங்க?" என்ற குரல் மட்டும் வந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் விடியும்போதே ஆஃப்ரின் கருவியோடு வந்து சுனைப் பள்ளத்தில் வைத்தாள். வைத்த மாத்திரத்தில் அது கத்தியது. துளை போடுவதை நிறுத்தச் சொல்லி அறிக்கை போனது. பள்ளத்தை ஒட்டிய ஐந்து வீட்டுக்காரர்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்த் தங்கவைத்தார்கள். பாவாயிக்கும் இரண்டு மாதமாக இருமல் என்று அப்போதுதான் தெரிந்தது. அவளும் வாயைத் திறக்காமல்தான் இருந்திருக்கிறாள். பள்ளிக்கூட வாசலில் ஊர் கூடியபோது சசிகலா எழுந்து நின்று தானே எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டம் கலைந்த பிறகு அவள் ஊர் நடுவில் நடந்து பஸ்ஸுக்குப் போனாள். வாசல்களில் ஆட்கள் இருந்தார்கள். எவரும் "வாங்க" என்று சொல்லவில்லை.

வேலை போனது. அதைப் பற்றி அவள் வருத்தப்படவில்லை, போக வேண்டியதுதான். வியாழக்கிழமை வந்தால்தான் தாங்க முடியவில்லை. முதல் வியாழன் பழக்க தோஷத்தில் தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டு, போக இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ரேடியோவைக்கூடப் போடவில்லை.

ஏழு வாரம் அப்படியே போனது. ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"நானு சுனைக்காட்டுல இருந்து பேசறனுங்க." கண்ணம்மாளின் குரல். முதல் வாரம் சசிகலா ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் தன் நம்பரை எழுதி ஒட்டியிருந்தாள். அதைக் கிழிக்காமல் வைத்திருந்திருக்கிறாள்.

"அக்கா! நல்லாருக்கறீங்களா?"

"உங்ககூடப் பழமை பேசறதுக்குக் கூப்பிடல. வாயு கசிஞ்ச ஓட்டையை அடைச்சுட்டோம்னு சொல்லிக் கம்பெனிக்காரங்க மறுக்கா வேலையைத் தொடங்கிட்டாங்க. எங்களையும் ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க. பிரவீன்னு ஒரு தம்பி மிசினைத் தூக்கிட்டு பதினோரு மணிக்கு வருது. மிசின் சைபர்னு காட்டுது. பதினோரு மணிக்குக் காத்து எப்படிங்க நாறும்? வெடியக்காலந்தான நாறும்? இப்ப நாறுது. அந்தத் தம்பிகிட்டச் சொன்னா சிரிக்குது."

"இப்பவேவா அக்கா? எவ்வளவு இருக்குது?"

"ரெண்டு போடலாம். பழைய நாத்தம் நாலுன்னா இது ரெண்டு."

சசிகலா எழுந்து விளக்கைப் போட்டாள். பழைய நோட்டைத் தேடினாள், பேனாவைத் தேடினாள்.

"என்னுது வேலையெல்லாம் போயிருச்சுங்க அக்கா. நானு எழுதுனா யாருங்க நம்புவாங்க?"

"நாலு வாரம் தேதி போட்டு, மணி போட்டு எழுதி டாக்டரம்மாகிட்டக் குடுத்தா வெடியக்காலம் மிசினத் தூக்கிட்டு வராமயா போயிருவாங்க? எனக்கு எழுதத் தெரியாது. மூக்கு இருக்குது. நானு தெனமும் மோந்து பாத்துச் சொல்றேன், நீங்க எழுதுங்க அம்மிணி."

நோட்டில் பதினோரு வாரத்துச் சைபருக்குக் கீழே இடம் இருந்தது. கண்ணீர் மறைத்ததால் அவளால் உடனே எழுத முடியவில்லை.

"மணி என்னங்க அக்கா?" என்றாள்.

"அஞ்சே முக்கால்" என்றாள் கண்ணம்மாள். "நாளைக்கும் இதே நேரத்துக்குக் கூப்பிடுவேன், எடுங்க."