கடைசித் தாள்

வங்கிக்கு மென்பொருள் எழுதும் வேலையை விட்டுவிட்டு வாத்தியாராகப் போகிறேன் என்று பாலசுப்பிரமணியன் சொன்னபோது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குக் கிலியைக் கொடுத்தது. மனைவி ராஜி ஆஸ்பத்திரி டாக்டர். கெட்ட செய்தியைப் பதறாமல் சொல்லிப் பழகியவள். "லண்டன் பசங்ககிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கப் போறீங்க. ஆனா ஆசைப்பட்டுட்டீங்க, போய்ப் பாருங்க" என்றாள்.

முழிக்கத்தான் செய்தார். கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம். காலையில் மஞ்சள் மேல்சட்டை மாட்டிக்கொண்டு தூறலில் கேட்டருகே நின்று, காதில் செருகியதை எடு, சட்டையை உள்ளே விடு என்று தொண்டை வறளக் கத்த வேண்டும். தாழ்வாரத்தில் இடப்பக்கமாக நடக்க வேண்டும் என்பது சட்டம். பிள்ளைகள் கூரையைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் நடந்தார்கள். ஆசிரியர் அறையில் அவசரத்துக்கு எடுத்த கோப்பை வரலாற்று டீச்சருடையது என்று தெரிந்த அன்று, இந்த நாட்டில் கொலைக்கு அடுத்த குற்றம் எது என்பதும் அவருக்குத் தெரிந்துபோயிற்று.

இத்தனைக்கும் மேலே பத்தாம் வகுப்பின் கடைசி செட். இங்கே கணக்குப் பாடத்துக்குப் பிள்ளைகளைத் தரம் பார்த்துப் பிரித்துவிடுவார்கள். கெட்டிக்காரர்கள் முதல் செட். எதுவும் ஏறாது என்று முடிவு கட்டப்பட்டவர்கள் கடைசி. புது வாத்தியாருக்கு எதைக் கொடுப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். அவருக்கு இது தகுதிகாண் காலம் வேறு. வருஷக் கடைசியில் தேறினால்தான் வேலை நிலைக்கும்.

அந்த வகுப்பில் ஒரே ஒரு தமிழ்ப் பெண், ஹம்சினி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது லண்டன் நோர்பரியில். சத்தம் போடமாட்டாள். பலகையில் இருப்பதையெல்லாம் முத்து முத்தாக எழுதிக்கொள்வாள். "புரியுதா?" என்று கேட்டால் எல்லாருக்கும் முந்தித் தலையாட்டுவாள். இவளாவது தேறிவிடுவாள் என்று பாலசுப்பிரமணியன் நிம்மதியாக இருந்தார். அவள் நோட்டில் விடையை மட்டும் எப்போதும் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதினாள் என்பதை அவர் கவனிக்கவேயில்லை.

முதல் பரீட்சை வைத்தார். தாள்களைத் திருத்தினார். தனக்குத் தெரிந்த ஒரே முறையில் திருப்பிக் கொடுத்தார்.

அவர் படித்த திருச்சிப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான். கூடுதல் மார்க் வாங்கியவன் தாள் மேலே, குறைந்தவன் தாள் அடியில். பெயரையும் மார்க்கையும் உரக்கப் படிக்கப் படிக்க ஒவ்வொருவனாக எழுந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சாப்பிடக் கை கழுவுகிற மாதிரிதான் அவருக்கு அது.

முதல் நாலைந்து பேருக்கு வகுப்பே கைதட்டி விசிலடித்தது. புட்பால் முடிவு கேட்கிற உற்சாகம். பாலசுப்பிரமணியனுக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது, குரலை இன்னும் உயர்த்தினார். மார்க் இறங்க இறங்கச் சத்தமும் இறங்கியது. இன்னும் பெயர் வராதவர்கள் மேசையைப் பார்த்தார்கள். கையில் கடைசித் தாள் மிஞ்சியபோது வகுப்பு கப்சிப்.

"ஹம்சினி. நாற்பதுக்கு நாலு."

டைலர் என்கிற பையன் பின் வரிசையிலிருந்து, "சார், அவ உங்க ஆளாச்சே! நீங்கல்லாம் கணக்குல புலி இல்லையா?" என்று இங்கிலீஷில் கேட்டான். வகுப்பு சிரித்தது. அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நெருக்கமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பாலசுப்பிரமணியன் தமிழில் கேட்டார்: "என்னம்மா இது? நீயே இப்படிப் பண்ணலாமா?"

தமிழ் அங்கே மற்ற யாருக்கும் புரியவில்லை. திட்டு என்பது எல்லாருக்கும் புரிந்தது. ஹம்சினி தாளை வாங்கவில்லை. பையை எடுத்துத் தோளில் போட்டாள், கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு மற்ற வகுப்புகளுக்கெல்லாம் ஒழுங்காக வந்தாள். கணக்குப் பாடம் வந்தால் மட்டும் நூலகத்தின் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். யார் கூப்பிட்டும் அசையவில்லை.

கணக்குத் துறைத் தலைவி றொசாந்தி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். அவரைவிடப் பத்து வயது இளையவள், அவருடைய தகுதிகாண் அறிக்கையை எழுதப் போகிறவளும் அவள்தான். மற்றவர்கள் முன்னால் மிஸ்டர் பாலா என்பாள். அவளும் யாழ்ப்பாணத்துக் குடும்பம்தான், கதவைச் சாத்திவிட்டால் அண்ணை.

"அண்ணை, மார்க்கை உரக்க வாசிச்சனீங்களோ?"

"எங்க ஊர்ல அப்படித்தான் கொடுப்பாங்க."

"எங்கட ஊரிலயும் அப்பிடித்தானாம், அம்மா சொல்லுறவா. இஞ்ச ஏலாது. ஒரு பிள்ளையின்ர மார்க் இன்னொரு பிள்ளைக்குத் தெரியக்கூடாது."

பாலசுப்பிரமணியனுக்குச் சுருக்கென்றது. "செட் பிரிச்சு, இவங்கதான் கடைசின்னு ஊருக்கே தெரியற மாதிரி உட்கார வைக்கிறது மட்டும் என்னவாம்? அதைச் செய்யலாம், வாயால சொல்லக்கூடாதா?"

"அதை நான் மேல கதைக்கிறன்," என்றாள் றொசாந்தி. "ஆனா செட்டைப் பிரிச்சது பள்ளிக்கூடம். அந்தப் பிள்ளையை எழும்பிப் போக வச்சது நீங்கள். அவ இனியும் வகுப்புக்கு வராட்டித் தனி அறைக்கு மாத்திப் போடுவினம். ஒரு கட்டுப் பயிற்சித் தாளைக் குடுத்து இருத்தி விடுறது. அங்க போன பிள்ளையள் திரும்பி வந்து நான் காணேல்ல. தாயை வரச் சொல்லியிருக்கிறன். அவ முறைப்பாடு குடுத்தா, உங்கட ரிப்போட்டில அது வரும்."

அன்று வீட்டில் ராஜியிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?" அவருக்குத் தெரியவில்லை. வேலை போய்விடுமோ என்பதைத் தவிர வேறெதையும் அவர் யோசிக்கவில்லை. அது உறைத்தபோது வெட்கமாக இருந்தது.

தாய் தவநாயகி வந்தார். முதியோர் இல்லத்து ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறார் என்பது கோட்டுக்குக் கீழே தெரிந்த நீலச் சீருடையிலிருந்து விளங்கியது. பக்கத்தில் ஹம்சினி, மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். எதிரே றொசாந்தி. பாலசுப்பிரமணியன் விளக்கம் சொல்ல நாலு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தார். ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

"சேர், நீங்கள் செய்தது சரி," என்றார் தவநாயகி.

பாலசுப்பிரமணியன் பேந்தப் பேந்த விழித்தார்.

"ஓம் சேர். இஞ்சத்தை ரீச்சர்மார் எல்லாம் குட், வெரி குட் எண்டு சொல்லிச் சொல்லியே இவளைப் பழுதாக்கிப் போட்டினம். நாலு மார்க் எண்டு எனக்கு இப்பதான் தெரியும். நீங்கள் எங்கட ஆள், உங்களுக்குத்தான் கண்டிக்கத் தெரியும். இன்னும் உரக்க வாசியுங்கோ. நாலு பேருக்கு முன்னால வெக்கம் வந்தாத்தான் படிப்பு வரும். நான் ஒரு முறைப்பாடும் குடுக்கமாட்டன்."

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. புகார் இல்லை. அறிக்கை தப்பித்தது. நன்றிம்மா என்று கைகூப்பிவிட்டு எழுந்து போயிருக்கலாம். எழுந்துகொள்ள நாற்காலியைப் பிடிக்கக்கூடச் செய்தார்.

அப்போதுதான் ஹம்சினியின் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. இப்படித்தான் நடக்கும் என்று முன்பே தெரிந்து வைத்திருக்கிற முகம். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் வாத்தியார், இரண்டு பேரும் ஒரே கட்சி. இனி அவளுக்குப் போக்கிடம் நூலகத்து மூலைதான்.

திருச்சியில் பாலசுப்பிரமணியன் பெயர் எப்போதும் முதல் மூன்றுக்குள் வரும். கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்து உட்காருவார். கடைசியில் வாங்கியவன் யார் என்று இப்போது யோசித்துப் பார்த்தார். முகமும் வரவில்லை, பெயரும் வரவில்லை. வருஷம் பூராவும் ஒவ்வொரு பரீட்சைக்கும் உரக்கப் படிக்கப்பட்ட பெயர் அது.

"இல்லம்மா," என்றார். "தப்பு என்மேல."

"என்ன சேர் நீங்கள்! பிள்ளைக்கு முன்னால இப்பிடிச் சொல்லுறியள்?"

"பிள்ளைகிட்டதாம்மா சொல்றேன்." அவர் ஹம்சினி பக்கம் திரும்பினார். "உனக்குப் புரியுதா இல்லையான்னு நான் ஒழுங்கா பார்க்கவே இல்லை. நீ தலையாட்டினதும் விட்டுட்டேன். அது என் வேலை, நான் செய்யலை. அப்புறம் எல்லார் முன்னாலயும் உன்னைத் தமிழ்ல வேற திட்டினேன். மன்னிச்சுக்கம்மா."

வாத்தியார் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு தவநாயகி வாழ்க்கையில் பார்த்ததில்லை. அவர் றொசாந்தியைப் பார்த்தார், இது சரியா என்று கேட்பதுபோல. ஹம்சினி சுரண்டுவதை நிறுத்தியிருந்தாள். ஆனால் நிமிரவில்லை. "நான் போகலாமா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். போய்விட்டாள்.

தாயும் போனபிறகு றொசாந்தி கதவைச் சாத்தினாள். "அண்ணை, அவ முறைப்பாடு இல்லை எண்டவ. நீங்களே பிழை எண்டு சொல்லிப் போட்டியள். இனி நான் எழுதத்தான் வேணும்."

"எழுதுங்க."

எழுதினாள். இன்னொரு பருவம் கூடுதல் கண்காணிப்பு என்று மேலேயிருந்து வந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் புலம்பவில்லை.

வகுப்பிலும் மன்னிப்புக் கேட்டார். மார்க்கை இனி உரக்கப் படிக்கமாட்டேன், படித்தது தப்பு என்றார். பிள்ளைகளுக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. "சார், உங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று டைலர் உண்மையான கவலையோடு கேட்டான்.

பிறகு ஒவ்வொரு பாடத்திலும், எந்த இடத்தில் புரியவில்லை என்று தயங்காமல் சொல்லுங்கள் என்று கேட்டுப் பார்த்தார். எல்லாம் புரிகிறது என்றார்கள். அத்தனை பேரும் பொய் சொன்னார்கள். புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம். முட்டாள் என்று ஏற்கெனவே பெயர் வாங்கியவன் அதை ஊர்ஜிதம் செய்வானா என்ன? பாலசுப்பிரமணியன் மேசை மேசையாகப் போய்க் குனிந்து நின்று பார்த்தார். முன்னைவிடக் கொஞ்சம் தெரிய வந்தது. ஹம்சினியின் ஜன்னலோர நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது. தனி அறைக்கு மாற்றுகிற பேச்சு இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போகட்டும் என்று றொசாந்தியிடம் கெஞ்சினார். ஒருமுறை நூலகத்துக்குப் போய்க் கூப்பிடலாமா என்று தோன்றியது. அந்தக் கதவு வரை போனார், உள்ளே அவள் தலை தெரிந்தது. போன இடத்துக்கும் துரத்திக்கொண்டு வருகிறாரே என்று நினைத்துவிடுவாள் என்று திரும்பி வந்துவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை, பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. ஹம்சினி. தலைமுடியெல்லாம் மழை. யாரையும் பார்க்காமல் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பாலசுப்பிரமணியன் வா வா என்று சொல்லத் துடித்த வாயை அடக்கிக்கொண்டார். சுண்ணக்கட்டிக் காலமாக இருந்திருந்தால் உடைத்திருப்பார். கையில் பேனா, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கணக்கைத் தொடர்ந்தார். பாதியில் திரும்பிப் பார்த்தபோது அவள் கை மேலே இருந்தது. முழுதாக உயரவில்லை, காதளவுதான்.

"சொல்லு ஹம்சினி."

"எனக்கு இது புரியலை." இங்கிலீஷில்தான் சொன்னாள், மெல்ல. பிறகு வந்தது வரட்டும் என்று குரலைத் திரட்டிக்கொண்டாள். "இது மட்டும் இல்ல சார். ஏழாம் வகுப்பிலேருந்தே எனக்கு எதுவுமே புரியலை. சும்மா தலையாட்டிட்டு இருந்தேன்."

பாலசுப்பிரமணியனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏழாம் வகுப்பா?" என்றான் டைலர் பின்னாலிருந்து. "எனக்கெல்லாம் அஞ்சிலேருந்தே போச்சு."

"சும்மா அளக்காதே, எனக்கு நாலு!" என்றாள் இன்னொருத்தி.

"வகுத்தல் ஆரம்பிச்ச அன்னிக்கே நான் அவுட்!"

ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். யார் எந்த வகுப்பில், எந்த டீச்சரிடம், எந்தக் கணக்கில் தொலைந்து போனோம் என்று போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். பக்கத்து வகுப்பு வாத்தியார் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். பாலசுப்பிரமணியன் கையைக் காட்டி அனுப்பிவிட்டார். ஹம்சினி திரும்பி உட்கார்ந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது யாரும் சொல்லாத செய்தி. இத்தனை நாளும் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பாலசுப்பிரமணியன் பலகையை முழுவதும் அழித்தார்.

"சரி, ஒவ்வொருத்தரா சொல்லுங்க," என்றார். "யாருக்கு எங்கே விட்டுப்போச்சு?"

எல்லாக் கையும் மேலே இருந்தது.