முப்பத்துநான்கு அடி

1

உண்மையை முதலே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு தகரப் பலகையிலிருந்து வந்தது. ஐம்பத்தாறாம் ஆண்டு, மாங்குளம் சந்திப் பெற்றோல் செட் வாசலில் அது தொங்கியது. என்ஜினை நிறுத்துக. நெருப்புக் கூடாது. பெற்றோல் அடித்து முடியுமட்டும் பயணிகள் இறங்கி முப்பது அடி தள்ளி நிற்க வேண்டும்.

கடைசி விதியை வேறு செட்டுகளில் ஒருவரும் சட்டை செய்ததில்லை. மாங்குளத்துப் பம்புக்காரன் ஐயாத்துரை மட்டும் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டு நின்றான். திங்கட்கிழமைதோறும் முல்லைத்தீவு பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். அவனை வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

2

நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "ஐயாத்துரை கடமை தவறாத, நேர்மை மிக்க..." சீ, பிரியாவிடை வைபவத்து வாழ்த்துமடல்!

இரண்டாவது: "நெருப்பென்றால் அவனுக்குப் பயம், ஏனென்றால் முன்பொருநாள்..." பொய். அவனுக்கு அப்படியொரு நாள் இல்லை.

சரி, உள்ளதையே எழுதுகிறேன். கமலாசனி ரீச்சர் துணுக்காய்ப் பள்ளிக்கூடத்துக்கு அந்த பஸ்ஸில்தான் போவார். உள்ளே சனநெரிசலில் அவருடைய முகம் தெரியாது. இறங்கினால் தெரியும். இவ்வளவுதான் அவனுடைய சட்டப்பற்று.

3

பயணிகள் நிற்கவேண்டிய எல்லைக் கோட்டை முப்பது அடியில் போடவேண்டும். அங்கே கொளுத்தும் வெயில். பாலை மரத்து நிழல் முப்பத்துநான்கில்தான் தொடங்கியது. ரீச்சருக்குத் தலை சுடக்கூடாதென்று சுண்ணாம்புக் கோட்டை அங்கே கீறினான். தன் கையாலேயே நாலு அடி தள்ளி வைத்தான், பாவி.

"கெதியா அடிக்கப்படாது, அண்ணை. ஆபத்து" என்று சாரதி கனகலிங்கத்திடம் சொல்லிவிட்டுக் கைப்பம்பை ஆற அமர ஆட்டுவான். ஏழு கலன் பெற்றோல். அந்த ஏழு கலன் நேரத்துக்காகக் கிழமை முழுதும் ஏங்கிக் கிடந்தான்.

(அவனுடைய நெஞ்சுக்குள் போய்ப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். அவன் கண் போன இடத்தை மரத்தடியில் நின்று பார்த்தேன், அது போதும்.)

4

ஆடி மாதம். "ரீச்சருக்கு யாழ்ப்பாணம் மாற்றமாம். இண்டைக்குத்தான் அவா கடைசியா வாறா" என்று கனகலிங்கம் பஸ் முழுக்கச் சொல்லியிருந்தார். மாங்குளத்தில் எல்லோரும் இறங்கினோம். ரீச்சர் இறங்கவில்லை. எழுந்து வந்து, பம்புக்கு ஒரு முழம் தள்ளியிருந்த யன்னலோரம் உட்கார்ந்தார்.

"ஐயாத்துரை, இண்டைக்கு நான் இறங்கேல்லை. உங்களிட்டை ஒண்டு கேக்க வேணும்."

குழாயை அவன் இன்னும் செருகவில்லை. "இருங்கோ" என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. (இது கற்பனை இல்லை. உதடு அசைந்தது.)

அப்போது மரத்தடியிலிருந்து ஒரு குரல்: "என்ன காணும், சட்டம் எங்களுக்கு மட்டும்தானோ?"

சனம் சிரித்தது. அவன் முகம் கறுத்துப் போயிற்று.

"ரீச்சர்... இறங்குங்கோ."

அவர் இறங்கி வந்து, கோட்டைத் தாண்டி நிழலில் நின்றார். அன்று ஏழு கலனும் கெதியாய் முடிந்துவிட்டது.

5

அந்தக் குரல் என்னுடையது. வேறு யாருடையது? பகிடிக்குத்தான் சொன்னேன். வற்றாப்பளை அம்மாளாணை, பகிடிக்குத்தான்.

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். அவன் யாழ்ப்பாணம் தேடிப் போகிறான் (எந்த விலாசத்துக்கு?). அவர் கடிதம் போடுகிறார், அதில்... (அவர் கேட்க வந்தது என்னவென்று எனக்கு எப்படித் தெரியும்?) எல்லாவற்றையும் கிழித்தாயிற்று. ஏழு வருசம் கழித்துப் போன மாதம் அந்தப் பக்கம் போனேன். கோடு இன்னும் முப்பத்துநான்கில்தான் இருக்கிறது, புதுச் சுண்ணாம்பில்.

ஆகையால் வாசகரே, நாலாம் பகுதியில் நான் சொன்ன அந்த ஒரு வரியை அடித்துவிடுகிறேன். திரும்பிப் போய்ப் பாருங்கள். யன்னலோரம் அவர் இருக்கிறார். குழாயைப் பிடித்தபடி அவன் நிற்கிறான். நான் வாய் திறக்கவில்லை. மரத்தடியில் என் பக்கத்தில் நிற்பது நீங்கள்தான். கும்பிட்டுக் கேட்கிறேன், நீங்களும் பேசாமல் நில்லுங்கள்.